பணம் பெருகினால் மனம் என்ன ஆகிறது?

(சென்ற ஆண்டு நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"கல்வியின் சிறப்பு" என்ற தலைப்பில் பேசும்படிதான் தலைமையாசிரியர் என்னைக் கேட்டுக் கொண்டார். அந்தத் தலைப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் பேசுகிறார்; நன்றாகவே பேசுகிறார்கள். லாரி ஓட்டிப் பிழைத்தவன் அதற்கு மேல் என்ன சொல்லிவிட முடியும்? ஆகவே எனக்குக் கொஞ்சம் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். பணம் வந்த பிறகு ஒரு மனிதனுடைய மனம் என்ன ஆகிறது என்பதுதான் அது. இன்று வெளியாகும் மலரில் விளம்பரம் கொடுத்திருக்கும் முதலாளிமார்கள் யாரும் கோபித்துக் கொள்ளக் கூடாது. நானும் அரைப் பக்கம் கொடுத்தவன்தான்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். சிரிப்பதற்கு நல்ல பழமொழி. ஆனால் அதில் நமக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. அற்பனுக்கு வந்தால்தானே? நாம் என்ன அற்பனா, நமக்கு வந்தால் குடை பிடிக்க மாட்டோம் என்று ஒவ்வொருவரும் தம்மைத் தேற்றிக் கொள்ளலாம். நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன். சரி, அற்பன் அல்லாத ஒருவனுக்கு, நல்ல குடும்பத்தில் பிறந்து, ஏழைகளோடு வளர்ந்து, படிப்பின் அருமை தெரிந்த ஒருவனுக்குப் பணம் மலை மலையாக வந்தால் என்ன ஆகும்? அப்படி ஒருவர் இருந்தார். ஆண்ட்ரூ கார்னகி என்று பெயர்.

ஸ்காட்லாந்து நாட்டிலே டன்ஃபர்ம்லின் என்று ஓர் ஊர். அங்கே 1835-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அப்பா கைத்தறி நெசவாளர். மேசை விரிப்புத் துணிகளைப் பூ வேலைப்பாட்டோடு நெய்வதில் அந்த ஊருக்கே பெயர். பிறகு நீராவித் தறி வந்தது. கைத்தறி படுத்தது. அப்பாவுக்கு வேலை இல்லை; அம்மா சின்னக் கடை போட்டும் செருப்புத் தைத்தும் குடும்பத்தை இழுத்தார். 1848-இல் கப்பல் செலவுக்கு இருபது பவுன் கடன் வாங்கிக் கொண்டு குடும்பமே அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. பிழைக்க வழியில்லாமல் கடல் தாண்டிய குடும்பம். நம்முடைய தாத்தா பாட்டிமார் கதையை நான் இங்கே தனியாக நினைவுபடுத்த வேண்டியதில்லை.

பதின்மூன்று வயதில் அந்தப் பையன் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். நூல் சுற்றிய கட்டைகளை எடுத்துக் கொடுக்கும் வேலை. இருட்டோடு போய் இருட்டோடு திரும்ப வேண்டும். வாரத்துக்கு ஒரு டாலர் இருபது காசு சம்பளம். அதன் பிறகு தந்தி ஆபீசில் தந்தி கொண்டு போய்க் கொடுக்கும் பையன்.

மாணவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த ஊரில் கர்னல் ஆண்டர்சன் என்று ஒரு பெரியவர் இருந்தார். தம் வீட்டில் சுமார் 400 புத்தகங்கள் வைத்திருந்தார். வேலைக்குப் போகும் பையன்கள் சனிக்கிழமைதோறும் வந்து ஒரு புத்தகம் எடுத்துப் போகலாம், அடுத்த சனிக்கிழமை அதைக் கொடுத்துவிட்டு வேறு ஒன்று எடுத்துக் கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். கார்னகிக்குப் பள்ளிப் படிப்பு அவ்வளவாக இல்லை. அந்தச் சனிக்கிழமைகள்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். பிறகு அந்த நூலகத்தை நடத்தியவர்கள், தொழில் பழகும் பையன்களுக்கு மட்டுமே இலவசம், மற்றவர்கள் ஆண்டுக்கு இரண்டு டாலர் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டபோது, தந்திப் பையனான கார்னகி விடவில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விதியை மாற்றவும் வைத்தார். அப்படிப்பட்ட பையன்!

ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார், பங்குகள் வாங்கினார், பணம் சேர்ந்தது. 1868-ஆம் ஆண்டு, 33 வயதில், நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து தமக்குத் தாமே ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அப்போது அவருடைய ஆண்டு வருமானம் 50,000 டாலர். இது எனக்குப் போதும், இதற்கு மேல் வருவதைப் பிறருக்குச் செலவழிப்பேன், இரண்டு வருஷத்தில் வியாபாரத்தை விட்டுவிட்டுப் படிக்கப் போவேன், பணத்தையே நினைத்துக் கொண்டிருந்தால் மீள முடியாத அளவுக்கு நான் கெட்டுப் போவேன் என்ற கருத்துப்பட எழுதினார். யாருக்கும் காட்டுவதற்காக எழுதியதல்ல. மனசுக்குள் இருந்ததை எழுதினார்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடமும் இதுதான், பயம் கொடுக்கும் இடமும் இதுதான். பணம் தன்னை என்ன செய்யும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. தெரிந்தும் என்ன நடந்தது? இரண்டு வருஷத்தில் விடுவேன் என்றவர் வியாபாரத்தை விட்டது 1901-இல். இடையிலே ஓடியது 33 வருஷம்.

அந்த 33 வருஷத்தில் அவர் இரும்பு எஃகு ஆலைகளுக்கு அதிபதியானார். 1886-இல் பத்திரிகைகளில் கட்டுரை எழுதி, தொழிலாளர்கள் சங்கம் வைத்துக் கொள்வது அவர்களுடைய உரிமை என்றார். வேலை நிறுத்தம் செய்தவனுடைய இடத்தில் வேறு ஆளைப் போடுவது தகாது என்ற பொருளிலும் எழுதினார். அந்தக் காலத்து முதலாளி ஒருவர் இப்படி எழுதியது பெரிய காரியம். தொழிலாளர்கள் கை தட்டினார்கள்.

அவருடைய ஆலைகளில் ஒன்று பிராடக் என்ற ஊரில் இருந்தது. அங்கே சில காலம் எட்டு மணி நேர வேலை முறை இருந்தது. மற்ற ஆலைக்காரர்கள் பன்னிரண்டு மணி நேரம் வாங்குகிறார்களே, நமக்குச் செலவு கூடுகிறதே என்று கணக்குப் பார்த்து 1888-இல் அதை எடுத்துவிட்டார்கள். பழையபடி பன்னிரண்டு மணி. ஊதுலைப் பக்கம் வேலை செய்தவர்களில் பலருக்கு ஞாயிறும் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பகல் ஆட்களும் இரவு ஆட்களும் முறை மாறும்போது, ஒரே மூச்சாக 24 மணி நேரம் நெருப்புக்கு முன்னால் நிற்க வேண்டும்.

அப்புறம் 1892. ஹோம்ஸ்டெட் என்ற ஊரிலிருந்த ஆலையில் சங்கத்தோடு செய்து கொண்ட ஒப்பந்தம் ஜூன் மாதத்தோடு முடிகிறது. கார்னகி ஊரில் இல்லை. வழக்கம் போல் கோடைக் காலத்துக்கு ஸ்காட்லாந்து போய்விட்டார். ஆலையைப் பார்த்துக் கொள்ள ஃபிரிக் என்று ஒருவர். நீ என்ன செய்தாலும் நான் பின்னால் நிற்கிறேன் என்ற அளவுக்கு அவருக்குக் கடிதம் போயிருக்கிறது. ஃபிரிக் ஆலையைச் சுற்றி உயரமான பலகை வேலி அடித்து, மேலே முள்கம்பி போட்டார். தொழிலாளர்களை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டினார். ஜூலை 6-ஆம் நாள் விடியுமுன், 300 கூலிக் காவலர்களைத் துப்பாக்கியோடு இரண்டு பெரிய படகுகளில் ஏற்றி ஆற்று வழியாகக் கொண்டு வந்தார்கள். ஊரே ஆற்றங்கரைக்கு ஓடி வந்தது, பெண்கள் பிள்ளைகள் உட்பட. அன்று முழுவதும் சண்டை. இரண்டு பக்கத்திலும் ஆள் செத்தது. தொழிலாளர் பக்கம்தான் அதிகம். பிறகு மாநிலப் படை 8,000 பேர் வந்து இறங்கினார்கள். நவம்பரில் சங்கம் தோற்றது. அந்த ஆலையில் சங்கம் என்ற பேச்சே அதன்பின் பல்லாண்டுகள் எழவில்லை.

கர்னல் ஆண்டர்சன் வீட்டு வாசலில் நின்ற பையனா இது? அவன்தான்.

1900-ஆம் ஆண்டில் கம்பெனிக்கு லாபம் 4 கோடி டாலர். அதில் கார்னகியின் பங்கு மட்டும் இரண்டரைக் கோடி. அடுத்த ஆண்டு கம்பெனியை 48 கோடி டாலருக்கு விற்றார். விற்றுவிட்டு என்ன செய்தார்? கொடுக்க ஆரம்பித்தார். கொடுப்பதை முன்பே தொடங்கியிருந்தார்; இப்போது அதையே முழு நேர வேலையாக்கிக் கொண்டார். உலகத்தில் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் அவர் பணத்தில் எழுந்தன. 1919-இல் அவர் இறப்பதற்குள் கொடுத்து முடித்தது சுமார் 35 கோடி டாலர், அதாவது சொத்தில் பெரும்பகுதி. கர்னல் ஆண்டர்சனுக்கு ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பினார்.

இன்னொன்றும் செய்தார். அவர் பிறந்த டன்ஃபர்ம்லினில் பிட்டன்கிரீஃப் என்று ஒரு பெரிய தோட்டம் இருந்தது. நம் தோட்டம் மாதிரி அல்ல. மரமும் புல்வெளியும் ஓடையுமாக ஒரு ஜமீன்தார் பூங்கா. வருஷத்தில் ஒரு நாள் ஊர் மக்களை உள்ளே விடுவார்கள். ஆனால் கார்னகியின் தாய்வழிக் குடும்பத்துக்கும் ஜமீன்தாருக்கும் வழக்கு இருந்ததால், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாளும் இல்லை. சின்னப் பையன் கார்னகி வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன். 1902-இல் அந்தப் பூங்காவை அப்படியே விலைக்கு வாங்கினார். அடுத்த ஆண்டு ஊர் மக்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அது பொதுப் பூங்காதான்.

இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. வேலிக்கு வெளியே நின்ற பையனை ஐம்பது வருஷம் மறக்காத மனிதருக்கு, ஹோம்ஸ்டெட் வேலிக்கு வெளியே நின்றவர்கள் ஏன் கண்ணில் படவில்லை?

அவர் கெட்டவர் என்று சொன்னால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். நடித்தார், பேருக்காகக் கொடுத்தார் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹோம்ஸ்டெட் சம்பவம் தம் வாழ்நாளில் தம்மை வருத்தியது போல் வேறெதுவும் வருத்தவில்லை என்று அவரே பின்னால் தம் வரலாற்றில் ஒப்புக் கொண்டிருக்கிறார். நான் நினைப்பது இது: பணக்காரனுக்குத் தான் பட்ட கஷ்டம் மறப்பதில்லை. புத்தகம் கிடைக்காத கஷ்டம் அவர் பட்டது, புத்தகம் கொடுத்தார். பூங்காவுக்குள் விடாதது அவர் பட்டது, பூங்காவைத் திறந்தார். ஆனால் பணம் எந்த இடத்திலிருந்து வந்து கொண்டிருந்ததோ, அந்த இடத்தில் நின்றவர்களுடைய கஷ்டம் அவருக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகத்தான் தெரிந்தது. ஒரு டன் எஃகுக்கு இவ்வளவு கூலி என்ற வரி. அந்த வரியைக் குறைப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரர் கிடையாது. பணம் அவருக்கு அந்த வசதியைச் செய்து கொடுத்தது. பார்க்காமல் இருக்கும் வசதி. பார்க்க வேண்டிய நேரத்தில் ஸ்காட்லாந்தில் இருக்கலாம்; செய்ய வேண்டியதைச் செய்ய ஒரு ஃபிரிக் இருப்பார்.

1898-இல் ஹோம்ஸ்டெட்டுக்கும் ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார். நீச்சல் குளம், இசை மண்டபம் எல்லாம் அதில் உண்டு. பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறவன் எப்போது போய்ப் படிப்பது என்று அங்கிருந்த தொழிலாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே?

நம் பக்கத்துக் கதையும் ரொம்ப தூரத்தில் இல்லை. ரப்பர் காலத்தில் இந்த நாட்டுத் தோட்டங்கள் பலவற்றுக்குச் சொந்தக்காரர்கள் லண்டனில் இருந்த பங்குதாரர்கள். அவர்களில் பலர் ஒரு பால்மரத்தைக்கூடப் பார்த்தவர்கள் அல்லர். மாதா கோயிலுக்குப் போகிற, அனாதைப் பிள்ளைகளுக்கு நன்கொடை கொடுக்கிற நல்ல மனிதர்களாகவும் அவர்களில் பலர் இருந்திருப்பார்கள். லயத்தில் ஒழுகிய கூரை அவர்கள் தலையில் ஒழுகவில்லை, அவ்வளவுதான்.

இப்போது படித்தவர்கள் இதையெல்லாம் ஆராய்ச்சி செய்கிறார்கள். 2012-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக் கழகத்தார் சாலையில் ஓர் ஆளைக் கடக்கவிட்டு, எந்தக் கார் நின்று வழி விடுகிறது என்று ஒளிந்திருந்து எண்ணினார்கள். மிக மட்டமான பழைய கார்களெல்லாம் நின்றன. மிக விலையுயர்ந்த கார்களில் கிட்டத்தட்ட பாதி நிற்காமல் போயின. பிறகு இந்த மாதிரி ஆராய்ச்சிகளைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு எல்லா இடத்திலும் இதே முடிவு கிடைக்கவில்லை என்றும் படித்தேன். ஆகவே பென்ஸ் கார் வைத்திருப்பவரையெல்லாம் நாளைக்கு முறைத்துப் பார்க்காதீர்கள்!

ஊரார் கதை போதும். என் கதைக்கு வருகிறேன். இதை இந்த மேடையில் சொல்ல வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். இந்த மேடையில்தான் சொல்ல வேண்டும்.

நான் இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். அம்மா வெட்டும் நிரையில் மங்கு துடைத்துவிட்டு, பால் வாடையோடு வகுப்புக்கு வருவேன். ஒரு தடவை எனக்குக் கடுங்காய்ச்சல். அப்பா வேலையை நடுவில் விட்டுவிட்டு என்னைத் தூக்கிக் கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அன்றையச் சம்பளம் போயிற்று. சம்பள நாளன்று அப்பா காசை எண்ணி எண்ணிப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எந்தக் காலத்திலும் ஒரு தொழிலாளிக்கு நான் இப்படிச் செய்ய மாட்டேன் என்று அந்த வயதில் சாமி படத்துக்கு முன்னால் சொல்லிக் கொண்டேன். கார்னகி ஹோட்டலில் எழுதினார். நான் சாமி முன்னால் சொன்னேன்.

லாரி அட்டெண்டனாகப் போனேன், டிரைவரானேன், கடன் வாங்கிச் சொந்த லாரி போட்டேன். 1984-இல் என்னிடம் ஆறு லாரிகள். கார்னகிக்கு முன்னால் ஆறு லாரி தூசு. ஆனால் லயத்தில் பிறந்தவனுக்கு ஆறு லாரி என்றால் ஆகாயம். அந்த வருஷம் நான் புதுக் கார் எடுத்தேன். டிரைவர்களோடு உட்கார்ந்து பசியாறுவதை நிறுத்தியதும் அந்த வருஷம்தான். வேண்டுமென்று நிறுத்தவில்லை. ஆபீஸ் அறைக்குக் குளிர்சாதனம் போட்டேன். தேநீர் உள்ளேயே வந்தது.

என் டிரைவர்களில் ஒருவர் என்னைவிட வயதில் மூத்தவர். நான் அட்டெண்டனாக இருந்தபோது அண்ணன் என்று கூப்பிட்டவன். ஒரு நாள் அவர் காலையில் வரவில்லை; மத்தியானம்தான் வந்தார். பெண் பிள்ளைக்கு வலிப்பு, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று கிராணியிடம் சொல்லியிருக்கிறார். மாத முடிவில் கிராணி கணக்கைக் கொண்டு வந்து, ஒரு நாள் சம்பளத்தைப் பிடிப்பதா என்று கேட்டார். நான் ஏதோ பேங்க் கடிதத்தைப் பார்த்துக் கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "ரூல்ஸ் என்றால் ரூல்ஸ்தானே, பிடியுங்கள்" என்றேன். ஒரு விநாடிகூட ஆகியிருக்காது. இருபது வெள்ளி.

அதே மாதம் இந்தப் பள்ளியில் பரிசளிப்பு விழா. 500 வெள்ளி நன்கொடை கொடுத்தேன். மாலை போட்டார்கள். மலரில் முழுப் பக்கத்துக்கு என் படம், "கொடை நெஞ்சர்" என்று கீழே போட்டு. அந்த மலரை என்னிடம் முதன்முதலில் கொண்டு வந்து காட்டியவர் அந்த டிரைவர்தான். அவருடைய தம்பி பிள்ளைகள் இங்கே படித்தார்கள். "முதலாளி, படம் நல்லா வந்திருக்கு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை என்று இப்போது சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் அன்று எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. படத்தைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

உறைத்தது பல வருஷம் கழித்து. என் தகப்பனார் காலமாகி, துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு பேசிக் கொண்டிருக்கும்போது அந்தக் காய்ச்சல் கதையை நானே சொன்னேன். ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துக் கொண்ட பாவிகள் என்று சொல்லி வாயை மூடுவதற்குள், கிராணி நீட்டிய கணக்குப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த டிரைவர் அதற்குள் வேலையை விட்டு, மகள் வீட்டோடு வேறு மாநிலம் போய், அங்கேயே காலமாகியிருந்தார். அந்த மகள்தான், வலிப்பு வந்த அதே பெண். தேடிப் போய்ப் பார்த்தேன். இருபது வெள்ளியை எப்படிக் கொடுப்பது, எவ்வளவு சேர்த்துக் கொடுப்பது? அவருக்கு அந்த விஷயமே தெரியாது. அப்பா எப்போதும் உங்களைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்வார் என்று சொல்லித் தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். கொண்டு போன உறையை அவருடைய பேரப் பிள்ளை கையில் வைத்தேன். அது கடனைத் தீர்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷம் முதல் சம்பளக் கணக்கை நானே டிரைவர்களோடு உட்கார்ந்துதான் பார்த்தேன், தொழிலை மகனிடம் விடும் வரையில். என் மகன் இப்போது கம்ப்யூட்டரில் பார்க்கிறான். அவனுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். கேட்டுக் கொண்டான். செய்கிறானா என்று இங்கே வந்திருக்கும் டிரைவர் தம்பிமார்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு காரியம். இந்த ஆண்டு சுழற்கிண்ணம் ஒன்று என் தகப்பனார் பெயரில் வைக்கும்படி சங்கத்தார் கேட்டார்கள். கிண்ணத்துக்குப் பதிலாக, இரண்டு அலமாரியும் புத்தகமும் தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில் கொண்டு வந்து இறக்கியிருக்கிறேன். அப்பா பெயரை அதில் எழுத வேண்டாம் என்று கேட்டுக் கொண்டேன். பூட்டும் வேண்டாம். புத்தகம் ஒன்றிரண்டு காணாமல் போனால் போகட்டும். எடுத்துப் போனவன் படித்தால் சரி.

சனிக்கிழமைகளில் திறந்து வைக்கலாம் என்று ஆசிரியர் ஒருவர் முன்வந்திருக்கிறார். காலை ஒன்பது மணி என்று முதலில் முடிவு செய்தோம். பிறகுதான் யோசித்தேன். காலையில் இந்தப் பிள்ளைகளில் சிலர் அம்மாவோடு செம்பனைக்குப் போய் உதிரிப் பழம் பொறுக்குகிறார்கள். மங்கு துடைத்தவனுக்கு அது தெரியாதா? பெற்றோர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒன்பது மணிக்குத் திறந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அது ஹோம்ஸ்டெட் நூலகம். ஆகவே பிற்பகல் மூன்று மணிக்குத் திறந்து, வெளிச்சம் இருக்கும் வரை வைத்திருப்பார்கள். முதல் சில வாரம் நானும் வந்து உட்கார்ந்திருப்பேன். மூன்று மணியும் தோதுப்படாத வீடுகள் இருந்தால், விழா முடிந்ததும் தாய்மார்கள் என்னிடம் வந்து சொல்லுங்கள். நேரத்தை மாற்றிக் கொள்ளலாம். வாசலில்தான் நிற்பேன்.

பிள்ளைகள் பரிசுக்காக வெகு நேரமாகக் காத்திருக்கிறார்கள்.